மாட்டுத் தீனியும் மனித நாக்கும்

கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் ஊரில் என் தம்பி இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறான். ஒரு வறட்சி வருஷம், சித்திரை மாதம், காலையிலேயே போன். "அண்ணே, மூணு நாளா பாலைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கசக்குதாம். நான் ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலே, சாமி சத்தியமா!" என்றான். அவன் கலக்கவில்லைதான். கொழுப்பு சரியாக இருந்தது, பால்மானி காட்டிய அளவும் சரி. ஆனால் நாக்கில் வைத்தால் கசப்பு. ஏரிக்கரையில் புல்லெல்லாம் காய்ந்துபோய், பச்சையாக நின்றது ஒரே ஒரு செடிதான்: பார்த்தீனியம். காங்கிரஸ் புல் என்று பெங்களூரில் சொல்வார்களே, அதே வெள்ளைப்பூச் செடி. பசி பொறுக்காத மாடு அதில் வாய் வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் மேய விடாமல் கட்டிப்போட்டுத் தட்டை போட்ட பிறகு, நாலாம் நாள் பால் சரியாகிவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த மாதமே ஒரு வியாபாரி வந்தார். "எங்க மூலிகைப் பவுடரைத் தீவனத்துல கலந்து போடுங்க. பால் மணக்கும், கொழுப்பு ஏறும், கறி மாடுன்னா கறியும் ருசிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பால் பணத்தில் கால்பங்கு அந்தப் பவுடருக்கே போய்விடும் போலிருக்கிறது. "வாங்கலாமா, வேண்டாமா?" என்று தம்பி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கால்நடை மருத்துவ நண்பர்களைத் தொந்தரவு செய்தும், படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் மாட்டிறைச்சியின் ருசி பற்றியும் வரும். நம் மலரைப் படிப்பவர்களில் அதைத் தொடாதவர்களும் உண்டு, விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் இதில் விஷயம் இருக்கிறது. மாடு தின்றது நம் நாக்குக்கு வந்து சேரும் வழி பாலுக்கும் நெய்க்கும் கறிக்கும் முக்கால்வாசி ஒன்றுதான்.

நாலு அறை வயிறு

கோழியும் பன்றியும் நம்மைப் போல ஒற்றை வயிற்றுப் பிராணிகள். தின்ற எண்ணெய் பெரும்பாலும் அப்படியே குடலில் உறிஞ்சப்பட்டு உடம்புக் கொழுப்பில் போய்ச் சேரும். ஸ்பெயின் நாட்டில் ஓக் மரக் காடுகளில் கொட்டைகளைப் பொறுக்கித் தின்று வளரும் ஐபீரியப் பன்றியின் கொழுப்பு கைச்சூட்டிலேயே இளகுவதற்கு இதுதான் காரணம். அந்தக் கொட்டையில் இருக்கும் ஒலீயிக் அமிலம் நேராகக் கொழுப்பில் ஏறிவிடுகிறது.

மாட்டின் சமாச்சாரம் வேறு. அதற்கு நாலு அறை வயிறு. முதல் அறையான அசையூண் வயிறு மட்டும் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அது ஒரு புளிக்கவைக்கும் தொட்டி. கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. மாடு தின்றதை முதலில் தின்பது அவைதான்; மிஞ்சியதும், அவை உண்டாக்கியதும்தான் மாட்டுக்கு. நார்ப்பொருளை அவை அசெடிக், புரோபியானிக், பியூட்டிரிக் என்ற சின்னச் சின்ன அமிலங்களாக உடைக்கின்றன. பாலின் கொழுப்பில் பெரும்பங்கும் மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியும் இந்த அமிலங்களிலிருந்து வருகின்றன.

இதோடு விடுவதில்லை. புல்லிலும் புண்ணாக்கிலும் இருக்கும் இளகிய எண்ணெய்களை இந்த நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. வனஸ்பதி தொழிற்சாலையில் நடக்கிற அதே வேலைதான். ஒலீயிக் அமிலம் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும். அது ஸ்டியரிக் அமிலமாக மாறினால் உருகுவதற்கு சுமார் 69 டிகிரி வேண்டும். ஆறினால் மாட்டுக் கொழுப்பு மெழுகு மாதிரி உறைவது இதனால்தான்.

ஆகவே முதல் பாடம் இது: மாடு தின்றது அப்படியே வெளியே வராது. நடுவில் ஒரு சமையல்காரர் கூட்டமே இருக்கிறது. தீவனத்தில் மல்லிகைப்பூ போட்டால் கறி மல்லிகையாக மணக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

வாசனைக்கு மட்டும் குறுக்குவழி

ஆனால் தம்பியின் பால் கசந்ததே, அது எப்படி? எளிதில் ஆவியாகும் சின்னச் சின்ன வாசனைப் பொருள்களுக்கும், நுண்ணுயிர் எளிதில் உடைக்க முடியாத சில கசப்புப் பொருள்களுக்கும் குறுக்குவழிகள் உண்டு. அசையூண் வயிற்றிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போய், ரத்தத்திலிருந்து மடிக்குப் போவது ஒரு வழி. இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. மாடு ஏப்பம் விடுகிறது. அந்தக் காற்றில் கொஞ்சம் நுரையீரலுக்குள் திரும்பப் போகிறது. நுரையீரலிலிருந்து ரத்தம், ரத்தத்திலிருந்து பால். வெங்காயம், பூண்டு வாடை பாலில் ஏறுவதற்கு மாடு அதைத் தின்னக்கூட வேண்டாம், அந்தக் காற்றைச் சுவாசித்தாலே போதும் என்று 1960களில் செய்த பரிசோதனைகளிலேயே தெரிந்துவிட்டது.

நல்ல வேளையாக, வந்த வழியே போகவும் செய்யும். ஆவியாகும் வாசனை ரத்தத்திலிருந்து மூச்சு வழியாகச் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். வாசனைத் தீனியைக் கறப்பதற்கு முன்னால் போடாதே, கறந்த பிறகு போடு என்று பெரியவர்கள் சொன்னதில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஊறுகாய்ப்புல் போடுகிற பண்ணைகளில் இன்றைக்கும் இதுதான் விதி.

பார்த்தீனியம் கொஞ்சம் பிடிவாதம். அதில் இருக்கும் பார்த்தீனின் என்ற கசப்புப் பொருள் பாலில் இறங்குகிறது என்பதை நம் நாட்டு விஞ்ஞானிகளே 1970களில் காட்டியிருக்கிறார்கள். இந்தச் செடி இந்தியாவில் முதலில் கவனிக்கப்பட்டது 1950களின் நடுவில், புனேயில். கோதுமை இறக்குமதியோடு வந்ததாகச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதைத் தின்ற செம்மறி ஆட்டின் கறியிலும் வேற்று வாடை பதிவாகியிருக்கிறது. இது ருசியை மட்டும் கெடுப்பதில்லை. அதிகமாகத் தின்ற மாட்டின் தோலும் குடலும் புண்ணாகும், உயிரும் போகலாம். பால் கசந்தால் அதை மாடு சொல்லும் முறையீடாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கறியின் ருசி எங்கே இருக்கிறது?

பச்சைக் கறிக்கு ருசி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் ரத்த வாடை, அவ்வளவுதான். அடுப்பில் ஏறினபிறகுதான் எல்லாம். சதையில் இருக்கும் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் உண்டாக்குகின்றன. 1912ல் லூயி கமீல் மைலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இதை விளக்கியதால் மைலார்ட் வினை என்று பெயர். தோசை ஓரம் முறுகுவதும், காப்பிக்கொட்டை வறுபடுவதும் இதே வினைதான்.

ஆனால் மாட்டுக் கறி, ஆட்டுக் கறி, பன்றிக் கறி என்று மூக்கு பிரித்துச் சொல்கிறதே, அது எதனால்? அமெரிக்காவில் 1960 வாக்கில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். கொழுப்பு நீக்கிய சதையின் சாற்றைத் தனியாகவும், கொழுப்பைத் தனியாகவும் சூடாக்கினார்கள். சதைச் சாறு எந்தப் பிராணியுடையதாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மணம். கொழுப்பைச் சூடாக்கியபோதுதான் வித்தியாசம் வந்தது. பொதுவான கறி மணம் சதையிலிருந்து வருகிறது, இன்னதின் கறி என்ற அடையாளம் கொழுப்பிலிருந்து வருகிறது. இது ரொம்ப முக்கியமான விஷயம். ஏனென்றால் தீவனம் மாறினால் முதலில் மாறுவது கொழுப்புதான்.

பாலுக்கும் கறிக்கும் இன்னொரு வித்தியாசம் காலம். பால் தினமும் புதிதாகச் சுரப்பது. இன்றைக்குத் தின்றது நாளைக்குத் தெரியும். கறிக் கொழுப்பு சேமிப்புக் கணக்கு மாதிரி. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட்டதுதான் அதில் இருக்கும். கடைசி இரண்டு மூன்று மாதத் தீனி ருசியைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது.

பச்சைப் புல்லா, தானியமா?

மேய்ச்சல் மாட்டுக்கும் தானியம் போட்டுக் கொழுக்கவைத்த மாட்டுக்கும் கறியில் மூன்று வித்தியாசம் தெரியும்.

ஒன்று, நிறம். பச்சைப் புல்லில் இருக்கும் கரோட்டின் பசுவின் கொழுப்பில் தங்கி மஞ்சளாக்கும். பசு நெய் மஞ்சளாக இருப்பதும் இதனால்தான். எருமை கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பாலும் நெய்யும் கொழுப்பும் வெள்ளை. இந்தியாவிலிருந்து கப்பலேறுகிற இறைச்சி எருமை இறைச்சிதான். பசு இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. ஆகவே நம் நாட்டில் பீஃப் என்ற சொல்லைக் கேட்டால் எது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு, மணம். இளம்புல்லில் புரதம் அதிகம், அது வயிற்றில் சீக்கிரம் கரையும். அதிலிருக்கும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை நுண்ணுயிர்கள் ஸ்கட்டோல் என்ற பொருளாக மாற்றும். தொழுவ வாடை என்கிறோமே, அதில் இதற்குப் பங்கு உண்டு. துளி அளவே கொழுப்பில் சேர்ந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். இதோடு, புல்லிலிருந்து வரும் ஒமேகா-3 கொழுப்பு சமைக்கும்போது உடைந்து பச்சிலை வாசனை மாதிரி ஒன்றைத் தரும்.

மூன்று, தாங்கும் திறன். பச்சைப் புல்லில் வைட்டமின் ஈ நிறைய. அது கொழுப்பு காறிப்போகாமல் காக்கும், சதையின் சிவப்பு நிறம் பழுப்பாக மாறுவதைத் தள்ளிப்போடும். ஒரு கிராம் சதையில் சுமார் 3 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் ஈ இருந்தால் இந்தப் பாதுகாப்பு நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள்.

சரி, எது ருசி? இதற்குத்தான் சுவாரசியமான பதில் இருக்கிறது. பிரிட்டனில் புல்லில் வளர்ந்த ஆட்டுக்குட்டிக் கறியையும், ஸ்பெயினில் தானியத்தில் வளர்ந்ததையும் இரு நாட்டு மக்களிடமும் பெயர் சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்குப் பிரிட்டிஷ் கறி பிடித்தது, ஸ்பானியர்களுக்கு ஸ்பானியக் கறி பிடித்தது. மாட்டுக் கறியிலும் இப்படியே. தானியக் கறியில் பழகிய அமெரிக்கருக்குப் புல் மாட்டுக் கறி வாடையடிக்கும்; மேய்ச்சல் மாட்டில் பழகிய அர்ஜென்டினாக்காரருக்கு அதுதான் கறி. ஊரை விட்டு வந்து முப்பது வருஷமானாலும் "நம்ம ஊர் பால்ல போட்ட காப்பி மாதிரி வராது" என்று நாம் சொல்வதும் இதே சாதிதான். சின்ன வயசில் பழகினது நாக்கில் சட்டமாகிவிடுகிறது.

ஏன் இப்போது மூலிகை?

மாட்டுக்கு மூலிகை கொடுப்பது நமக்குப் புதுசில்லை. வயிறு உப்பினால் இஞ்சி, பூண்டு, ஓமம், பெருங்காயம் அரைத்து ஊட்டாத கிராமம் உண்டா? ஆனால் அது வைத்தியம். தினசரித் தீவனத்தில் தாவரச் சாற்றைச் சேர்ப்பது என்பது வேறு. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1940களின் கடைசியில் அமெரிக்காவில், ஆண்டிபயாட்டிக் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டபோது அவை வேகமாக வளர்ந்தன. தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கண்டது இது. அதிலிருந்து, நோய் இல்லாத பிராணிக்கும் வளர்ச்சிக்காகத் தினமும் ஆண்டிபயாட்டிக் போடும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. அதன் விலையை நாம் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவிட்டன. சுவீடன் 1986லேயே இந்த வழக்கத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் தடை. அமெரிக்காவில் மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகப் போடுவது 2017 ஜனவரியோடு நின்றது. இந்தியா 2019ல் கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தை உணவுப் பிராணிகளுக்குத் தரத் தடை விதித்தது.

அந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் தாவரச் சேர்க்கைகள் வந்தன. செடிகள் தங்களைக் கிருமியிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் பொருள்களை நாம் கடன் வாங்குகிறோம். இவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம் வாசனை எண்ணெய்கள். ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு, பூண்டில் கந்தகப் பொருள்கள். இவை வயிற்று நுண்ணுயிர்களில் சிலவற்றை அடக்கும், சிலவற்றை வளர விடும். கறியில் கிராம்பு மணக்குமா என்றால், மணக்காது. நானூறு கிலோ மாட்டுக்குத் தினமும் போடுவது ஒரு சில கிராம். அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உடைத்துவிடும். ஆகவே பல பரிசோதனைகளில் சுவைத்துப் பார்த்தவர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அளவைக் கூட்டினால் மாடு தீவனத்தையே முகர்ந்துவிட்டு விலகிப் போகும், பாலிலும் வாடை ஏறும். ரோஸ்மேரி இலைச் சாறு கொழுப்பு காறுவதைத் தடுக்கும் என்பது உண்மை. ஐரோப்பாவில் 2010ல் அதை உணவுச் சேர்க்கையாகவே அனுமதித்தார்கள். ஆனால் கறியின் மேல் நேராகச் சேர்த்தால் கிடைக்கும் பலன், மாட்டின் வயிற்றைச் சுற்றி வரும்போது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது கூட்டம் டானின்கள், அதாவது துவர்ப்புப் பொருள்கள். கருவேலங்காய், புளியங்கொட்டைத் தோல், தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ மரம், ஐரோப்பாவின் செஸ்ட்நட் மரம் இவற்றில் எல்லாம் நிறைய உண்டு. துவர்ப்பு நாக்கில் படும்போது எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாக்கை இழுக்கிறதே, வயிற்றிலும் அதையேதான் செய்கிறது. புல்லின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை மெதுவாகக் கரைய வைக்கிறது. புரதம் அசையூண் வயிற்றில் வீணாகாமல் குடலுக்குப் போகும், ஸ்கட்டோலும் குறையும். நியூசிலாந்திலும் இத்தாலியிலும் ஆடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மேய்ச்சல் வாடை குறைவதும், கறியின் சிவப்பு நிறம் நீடிப்பதும் தெரியவந்தன. எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான். இங்கே செடி தன் மணத்தைக் கறிக்குத் தரவில்லை. கெட்ட மணம் உண்டாகாமல் தடுக்கிறது. ஆனால் அளவு மீறினால் புரதமே சீரணமாகாது, தீனியும் இறங்காது.

மூன்றாவது கூட்டம் எண்ணெய் வித்துக்கள். ஆளி விதை போட்டால் கறியிலும் பாலிலும் ஒமேகா-3 கொஞ்சம் கூடும். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் ஒமேகா-3 எளிதில் காறிப்போகும். ரொம்பவும் ஏறினால் மீன் எண்ணெய் வாடை வரும். கூடவே வைட்டமின் ஈ வேண்டியிருக்கிறது. ஒன்றைப் போட்டால் இன்னொன்றையும் போட வேண்டும், செலவும் சேர்ந்தே ஏறும்.

ஜப்பான் தீவின் புண்ணாக்கு

தாவரத் தீனியால் மாட்டுக் கறிக்குப் பேர் கிடைத்த கதை ஒன்று உண்டு. ஜப்பானில் ககாவா மாகாணத்தில் ஷோடோஷிமா என்று ஒரு சின்னத் தீவு. 1908ல் அரசாங்கம் சோதனையாக மூன்று மாகாணங்களில் ஆலிவ் மரம் நட்டுப் பார்த்தது. இந்தத் தீவில்தான் பிழைத்தது. அன்றிலிருந்து அங்கே ஆலிவ் எண்ணெய் ஆட்டுகிறார்கள். எண்ணெய் எடுத்தபின் சக்கை மிஞ்சும். நம் ஊர் செக்கடியில் புண்ணாக்கு மிஞ்சுகிற மாதிரி.

அதை மாட்டுக்குப் போட்டால் மாடு தொடவில்லை. ஒரே கசப்பு, துவர்ப்பு. துவர்க்கும் சீமைப் பனிச்சம்பழத்தை உலர்த்தினால் இனிப்பாகிவிடுவதைப் பார்த்திருந்த ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், இந்தச் சக்கையையும் உலர்த்தி வாட்டிப் பார்த்தார். பாகு காய்ச்சிய வாசனை வந்தது. மாடுகள் ஆசையாய்த் தின்றன. அதிலிருந்து பிறந்ததுதான் ஆலிவ் வாக்யு என்ற பெயர். விற்பனைக்கு முன் இரண்டு மாதமாவது, தினமும் 100 கிராமாவது இந்தத் தீவனம் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து வருஷத்துக்கொரு முறை நடக்கும் வாக்யு மாட்டுப் போட்டியில் 2017ல் கொழுப்பின் தரத்துக்கான முதலிடம் இதற்குக் கிடைத்தது.

இதைக் கேட்டவுடன் ஆலிவ் எண்ணெய் கறிக்குள் போய்விட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிராம் சக்கையில் மிஞ்சியிருக்கும் எண்ணெய் கொஞ்சம்தான். அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் வாக்யு கொழுப்பில் ஒலீயிக் அமிலம் எப்படி அத்தனை? அது மாட்டின் சொந்த வேலை. குடலில் உறிஞ்சப்பட்ட ஸ்டியரிக் அமிலத்தை மாட்டின் திசுக்களில் உள்ள ஒரு நொதி திரும்பவும் ஒலீயிக் அமிலமாக்கிவிடுகிறது. ஜப்பானியக் கருப்பு மாட்டு இனத்தில் இந்த வேலை பரம்பரையாகவே நன்றாக நடக்கும். நீண்ட நாள் தானியம் போட்டுக் கொழுக்க வைப்பது அதைக் கூட்டும். சதைக்குள் கொழுப்பு ஓட வேண்டும் என்பதற்காக நடுவில் சில மாதம் வைட்டமின் ஏ குறைந்த தீனி போடும் வழக்கமும் அங்கே உண்டு. ரொம்பக் குறைத்தால் மாட்டுக்குக் கண்பார்வை போய்விடும்.

ஆகவே இனம், வயது, நீண்டகாலத் தீனி இவையெல்லாம் வீட்டைக் கட்டினபிறகு ஆலிவ் சக்கை வருகிறது. அது வாசலில் போடும் கோலம். கோலத்துக்கும் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. சும்மா கிடந்த சக்கை தீவனமாயிற்று, சாணம் ஆலிவ் மரத்துக்கு உரமாயிற்று, ஒரு தீவுக்குப் பேர் கிடைத்தது. ஆனால் சாதாரண மாட்டுக்கு நூறு கிராம் சக்கை போட்டால் வாக்யு ஆகிவிடாது.

கடற்பாசியும் ஆடுகோடியும்

இப்போது தாவரச் சேர்க்கைகளைத் தேடுவதற்கு ருசியைவிடப் பெரிய காரணம் ஒன்று வந்திருக்கிறது. அசையூண் வயிற்றில் மீத்தேன் வாயு உண்டாகிறது. ஒரு வளர்ந்த மாடு நாளைக்கு 250 முதல் 500 லிட்டர் வரை, பெரும்பாலும் ஏப்பமாக வெளியே விடுகிறது. பூமி சூடாவதில் இதற்குப் பங்கு உண்டு. மாட்டுக்காரருக்கும் நஷ்டம்தான், போட்ட தீவனத்தின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிக் காற்றில் போகிறது.

கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியை 21 காளைகளை வைத்து 147 நாள் சோதித்தார்கள். 2021ல் வெளியான முடிவின்படி மீத்தேன் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கறியைச் சமைத்துச் சுவைஞர் குழுவுக்குக் கொடுத்தபோது வித்தியாசம் தெரியவில்லை. இங்கே ருசி மாறாமல் இருப்பதுதான் வெற்றி! ஆனால் அந்தப் பாசியில் வேலை செய்வது புரோமோஃபார்ம் என்ற பொருள். நெதர்லாந்தில் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சில மாடுகளின் பாலில் அது தென்பட்டது, சில மாடுகள் தீவனத்தையே ஒதுக்கின. எனவே அவசரப்படக் கூடாது.

இந்த விஷயத்தில் நம் பெங்களூருக்கும் ஒரு பெருமை உண்டு. ஓசூர் ரோட்டில் ஆடுகோடி வழியாகப் போகிறவர்கள் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1995ல் தொடங்கியது. டானின் நிறைந்த தாவரப் பொருள்களைக் கொண்டு ஹரித் தாரா என்ற தீவனச் சேர்க்கையை அங்கே உருவாக்கினார்கள். மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறைகிறது என்கிறார்கள். இதற்கு முன்னோடியாக அவர்கள் செய்த சேர்க்கைக்குப் புளியங்கொட்டைத் தோல் உதவியது. நாம் தூக்கி எறியும் பொருள்! கடற்பாசியின் 80 எங்கே, இந்த 20 எங்கே என்று நினைக்க வேண்டாம். உள்ளூரில் கிடைப்பதும், சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாவதுமான 20, கிடைக்காத 80ஐ விடப் பெரிசு.

தம்பிக்குச் சொன்னது

இவ்வளவும் படித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன். "பவுடர்காரர் மறுபடி வந்தா மூணு கேள்வி கேள்" என்றேன்.

முதல் கேள்வி: "இதுல என்ன செடி, அதுல வேலை செய்யறது எந்தப் பொருள்?" மூலிகை என்பது பதில் இல்லை. பார்த்தீனியமும் செடிதான், அரளியும் செடிதான்.

இரண்டாவது: "எத்தனை கிராம், எத்தனை நாள்? நிறுத்தினா என்ன ஆகும்?" பாலில் மாற்றம் சில நாளில் தெரிய வேண்டும். கறியில் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். ஒரு வாரத்தில் இரண்டுமே மாறும் என்று சொன்னால் அது வியாபாரம்.

மூன்றாவது: "எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க?" பவுடர் போட்ட மாடு நன்றாக இருக்கிறது என்றால் போதாது. அதே தொழுவத்தில், அதே தீவனத்தில், பவுடர் போடாத மாடு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

"அண்ணே, இந்த மூணையும் கேட்டா அவரு வண்டியக் கிளப்பிட்டுப் போயிடுவாரு" என்றான் தம்பி.

அவன் கையில் இருந்த பணத்தை வேறு விதமாகச் செலவழிக்கச் சொன்னேன். அரைக் காணியில் தண்ணீர் பாய்கிற மூலையில் கோ-4 தீவனப்புல், வரப்பில் வேலிமசாலும் அகத்தியும், தினமும் கொஞ்சம் தாது உப்பு. ஏரிக்கரைப் பார்த்தீனியத்தைப் பூ விடுமுன் வேரோடு பிடுங்கிப் போட வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு. வாசனைத் தீனி எதுவானாலும் கறந்த பிறகுதான். வயிறு நிறையப் பச்சைப் புல் கிடைத்தால் மாடு கண்டதில் வாய் வைக்காது. தீவனத்தின் அடிப்படை சரியாக இருந்தால் அப்புறம் சேர்க்கை பற்றி யோசிக்கலாம். அடிப்படை இல்லாத இடத்தில் எந்தப் பவுடரும் நிற்காது.

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கறந்த சூட்டோடு பால் காய்ச்சி, டிக்காஷன் விட்டு, தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் உட்கார்ந்து குடித்தேன். "எப்படி இருக்கு அண்ணே?" என்று தம்பி கேட்டான். முப்பது வருஷமாகப் பெங்களூரில் தேடிக்கொண்டிருந்த ருசி அதில் இருந்தது. பழக்கப்பட்ட நாக்கு சொல்கிற தீர்ப்பை விஞ்ஞானம் ஏற்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.